மூன்று நிமிடம்

மேசைக்கு அடியில் ஒரு பொத்தான்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
பத்தொன்பது வருடமாக
என் ஆள்காட்டி விரலுக்கு
இந்த நகர மன்றம் சம்பளம் தருகிறது.

மாதத்தில் இரண்டு செவ்வாய்.
குடிமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம்.
கதவில் தொங்கும் அந்த விதியைத்
தட்டச்சு செய்ததும் நான்தான்.

அன்று பனி உருகி
பாதி ஓஹாயோ காலணிகளோடு உள்ளே வந்திருந்தது.
முதலில் க்ளென் ஹேவர்கேம்ப்.
நாய்ப் பூங்காவுக்கு நாலடி வேலி போதாதாம்.
மஞ்சள். பிறகு சிவப்பு.
அவர் நிறுத்தவில்லை.
தலைவர் ராடமேக்கர் என் பக்கம் திரும்பி
மோவாயை ஒரு நூல் அசைத்தார்.
அந்த அசைவுக்கு எனக்கு அகராதி வேண்டாம்.
விளக்கை அணைத்தேன்.
ஹேவர்கேம்ப் மேசையைக் குத்தினார்,
"உங்கள் ஒவ்வொருவர் வீடும் எனக்குத் தெரியும்" என்றார்.
சிரித்தார்கள்.
க்ளென் எப்போதும் இப்படித்தான்.
வேலி எழும்பி முடிய
ஏழு நிமிடம் நாற்பத்திரண்டு நொடி.

அடுத்து ஒடெஸ்ஸா ப்ரூவிட்.
கையில் மூடி இறுக்கிய ஒரு ஜாடி,
உள்ளே அவள் வீட்டுக் குழாய்த் தண்ணீர்,
ஆறிப்போன தேநீரின் நிறம்.
ஈயம் என்றாள்.
மில் தெருவில் பதினாறு வீடு என்றாள்.
மகளின் ரத்தப் பரிசோதனைத் தாளைப்
பையில் தேடிக்கொண்டிருந்தபோது
சிவப்பு.
மோவாய் அசையவில்லை.

"ஒரே ஒரு வரி."
"அம்மணி, அமைதியாகப் பேசுங்கள்."
அவள் அமைதியாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.
அமைதியாகப் பேசு என்ற பிறகே
அவள் குரல் ஒரு படி ஏறியது.
காவலர் சுவரிலிருந்து முதுகை எடுத்தார்.
ஜாடியைக் கீழே வை என்றார்.
தண்ணீர்தானே என்றாள்.
அவர் கை இடுப்புக்குப் போயிற்று.

இரவு, குறிப்பு எழுதப்
பழைய ஏடுகளைப் புரட்டினேன்.
என் எழுத்தே எனக்கு எதிர்சாட்சி:
உணர்ச்சியுடன் எடுத்துரைத்தார், இது அவர்கள்.
ஒழுங்கைக் குலைத்தார், இது நாங்கள்.
ஆமாம், நாங்கள்.
ஒடெஸ்ஸாவின் தோல்தான் எனக்கும்.
விரலுக்கு மட்டும் நிறம் கிடையாது என்று
நம்பிக்கொண்டிருந்தேன்,
வீட்டுக்கடன் முடியும்வரையாவது நம்புவதாக இருந்தேன்.

ஒரு கண்ணுக்கு வெண்ணெய்,
மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு.
கிண்ணத்தில் பார்த்தால்
இரண்டும் ஒரே வெள்ளை.
எரிகிற கண்ணைத்தான் கேட்க வேண்டும்.

சனி, ஞாயிறு முழுக்கப் பழைய ஒலிப்பதிவுகள்.
வண்டி நிறுத்துமிடம் பற்றி ஒருவர்
பதினோரு நிமிடம் பேசியிருக்கிறார்.
முடிதிருத்தும் மார்செல்லஸை
இரண்டு நிமிடம் ஐம்பத்தொன்றில் நிறுத்தியிருக்கிறேன்.
ஒன்பது நொடி.
அவன் இப்போது இல்லை,
கடனை யாரிடம் கொடுப்பது?

இந்த முறை குறிப்பில் உரிச்சொல் எதுவும் வைக்கவில்லை.
ஹேவர்கேம்ப், 7:42.
ப்ரூவிட், 3:00.

அடுத்த கூட்டத்தில்
குறிப்பைத் திருத்த ஒரு தீர்மானம்.
"நேரம் எழுதும் வழக்கமில்லையே, ஆர்லெட்டா.
இதில் எதற்கு இனத்தைக் கொண்டுவருகிறாய்?"
நான் கொண்டுவந்தது கடிகாரம்.
ஐந்துக்கு இரண்டு. நிறைவேறியது.
அதையும் நான்தானே எழுத வேண்டும், எழுதினேன்:
நேரங்களை நீக்கும் தீர்மானம் நிறைவேறியது.
எடுத்துக்கொண்ட நேரம் பதினொரு நொடி.

பின்வரிசையிலிருந்து ஒடெஸ்ஸா எழுந்து வருகிறாள்.
ஜாடியை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.
பச்சை.
மில் தெரு, பதினாறு வீடு, மறுபடி முதலிலிருந்து.
மஞ்சள்.
ராடமேக்கர் என்னைப் பார்க்கிறார்.
நான் அவளைப் பார்க்கிறேன்.
மகளின் தாளை
இப்போதுதான் பிரிக்கிறாள்.